பெண்கள் பெட்டியில் நான் இன்னும் பாஸாகவில்லை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, கிள்ளான் ரயில் நிலையத்தில் அம்மா என்னைக் கழற்றிவிடப் பார்த்தார்.

"நீ முன்னாடி போயி ஏறு. அங்க உக்கார எடம் கெடைக்கும்."

"நீங்க எங்க ஏறுவீங்க?"

"நான் எப்பவும் பெண்கள் பெட்டிதான். அங்க ஒரே நெருக்கம் லா. உன் புதுச் சட்டை கசங்கிரும்."

அம்மா பல வருடங்களாக அதே ரயிலில் தலைநகரிலுள்ள பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். எனக்கும் அதே பிரிக்பீல்ட்ஸில், ஒரு பொறியியல் நிறுவனத்தில், வடிகால் வடிவமைக்கும் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் ஆரம்பப் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவும் மகளும் சேர்ந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் ஆளுக்கொரு பெட்டியா? அவர் பின்னாலேயே ஏறினேன்.

ஏறியதும் அம்மா செய்த முதல் காரியம், என் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைக் கழற்றி என் கைப்பைக்குள் திணித்தது. முந்தின வாரமே நேரில் போய் ஆசையாக வாங்கி வந்த அட்டை அது.

"திருடிருவாங்க."

"அட்டையையா?"

"பேசாம வா புள்ள."

பாடாங் ஜாவாவில் ஓர் ஆன்டி ஏறினார். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் துணிப்பை. நேராக எங்களிடம் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரசு, இதுதான் நம்ம எஞ்சினியரு பொண்ணா? போட்டோல பாத்தத விட எளச்சிருக்கே! படிச்சுப் படிச்சே இப்பிடி ஆயிருச்சு லா. ஏம்மா, அந்த ஐட்ராலிக் ரிசல்ட் வந்துச்சா?"

ஹைட்ராலிக்ஸ். இறுதியாண்டில் நான் ஒருமுறை தோற்று, மறுமுறை எழுதித் தேறிய பாடம். தேறி வெகு நாளாகிவிட்டது. பட்டமும் வாங்கியாகிவிட்டது. அந்தப் பட்டத்தைக் காட்டித்தான் இந்த வேலையே கிடைத்தது.

வாயைத் திறந்தேன். அம்மாவின் செருப்பு என் புதுக் காலணி மீது ஏறி அழுத்தியது.

"எங்க வந்துச்சு?" என்று பெருமூச்சு விட்டார் அம்மா. "இன்னும் இழுத்துக்கிட்டே இருக்கானுங்க."

சுற்றியிருந்த அத்தனை பேரும் 'ச்சு' கொட்டினார்கள். சேலைக் கடையில் வேலை செய்யும் மும்தாஜ் அக்கா என் கையைப் பிடித்து, "கவலப்படாதம்மா, ஒனக்காகத் துவா செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். எதிர் இருக்கையில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, தமிழில் ஒரு சொல் தெரியாதவர், அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"சுடா லுலுஸ் கே?" பாஸாகிவிட்டாளா?

"பெலும் லாகி, காக்." இன்னும் இல்லை.

காக் ரோஸும் 'ச்சு' கொட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நகரும் படிக்கட்டில் ஒரு விசாரணை

பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் இறங்கியதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ம்மா, என்ன இது? அவங்களுக்கெல்லாம் நான் இன்னும் ஃபெயிலா?"

"ஃபெயில்னு யாரு சொன்னா? ரிசல்ட் வரலன்னுதானே சொன்னேன்."

"அதுதான் ஏன்?"

அம்மா நகரும் படிக்கட்டின் கைப்பிடியை விரலால் தேய்த்தார். தூசி இருக்கிறதா என்று பார்ப்பது அவருக்குக் கைவந்த பழக்கம்.

"பாஸாயிட்டான்னு சொல்லிட்டா, மறுநாளு என்னத்தச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. நான் கர்வக்காரி. வாரந்தோறும் நான் எழுதும் இத்தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பட்டமளிப்பு அங்கி வாடகைக்கு எடுத்ததுதான் என்றாலும், அதைக் கழற்ற மனமில்லாமல் அதோடேயே காரில் வீடு வந்தவள் நான். அப்படிப்பட்டவளை ஒரு ரயில் பெட்டி முழுவதும் பாவமாகப் பார்ப்பதா?

"நாளைக்கு நானே சொல்லிர்றேன்."

அம்மா நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"கொஞ்ச நாளு பொறுத்துக்க புள்ள" என்றார். "என்னைய யாரும் இப்பிடிக் கேட்டதே இல்ல."

யாரும் கேட்காத அம்மா

அம்மா பந்திங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று பள்ளியிலிருந்து சீக்கிரமே நிறுத்தப்பட்டார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். அப்பா லோரி ஓட்டுகிறவர். பேச்சு, பாட்டு, சண்டை எல்லாம் அவர் பங்கு. துப்புரவு வேலையிலும் அம்மாவோடு யாரும் பேசுவதில்லை. அவர் துடைத்துக்கொண்டிருக்கும்போது, ஈரத்தில் கால் படாமல் தாண்டிப் போவார்கள்.

ரயிலிலும் அப்படித்தான் பல வருடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மறுநாள், சந்தோஷம் தாங்காமல் பக்கத்து இருக்கை ஆன்டியிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆன்டிதான் பாடாங் ஜாவா லெட்சுமி. ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. ஜாலான் டெம்ப்ளர் நிலையத்தில் இறங்குகிறவர்.

அடுத்த நாள் லெட்சுமி ஆன்டி ஏறியதும் கேட்ட முதல் கேள்வி: "என்ன சரசு, ஹாஸ்டல் கெடைச்சுதா பாப்பாவுக்கு?"

அம்மா எனக்கு இதைச் சொன்னபோது, அந்தக் கேள்வியை லெட்சுமி ஆன்டியின் குரலிலேயே சொன்னார். அத்தனை வருடம் கழித்தும் அந்தக் குரல் அவருக்கு அச்சாக வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் என் படிப்பு அந்தப் பெட்டியில் ஓடியிருக்கிறது. விடுதி அறையில் பல்லி, ஆங்கிலத்தில் பேச வராமல் நான் கழிப்பறையில் அழுதது, கணிதத்தில் வாங்கிய முதல் 'ஏ', அறைத்தோழியோடு மின்விசிறிக்காக நடந்த சண்டை. நான் தொலைபேசியில் அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னதெல்லாம் மறுநாள் காலை ஷா ஆலாமைத் தாண்டுவதற்குள் பொதுச் சொத்தாகிவிட்டது.

கைதட்டலுக்குப் பிறகு வந்த அமைதி

அம்மா ஆரம்பத்தில் ஒரு தப்புச் செய்திருக்கிறார். நான் முதலாண்டில் எல்லாப் பாடத்திலும் தேறியபோது, ஏறிய உடனேயே அதைச் சொல்லிவிட்டார். பெட்டியே கைதட்டியது. மும்தாஜ் அக்கா மிட்டாய் கொடுத்தார். மறுநாள் காலை மும்தாஜ் அக்கா தூங்கினார், காக் ரோஸ் கைப்பேசியைப் பார்த்தார், லெட்சுமி ஆன்டி வேறு யாரோடோ விலைவாசி பேசினார். அம்மா பழையபடி ஜன்னலுக்குத் திரும்பினார்.

அன்றே பாடம் படித்துக்கொண்டார். அதன் பிறகு எந்தச் செய்தியையும் முழுதாகக் கொடுக்கவில்லை. அவர் கதையை வெட்டிய விதம் எனக்குப் பின்னால் தெரிந்தபோது, வடிகால் வரைகிற நானே அசந்து போனேன். லெட்சுமி ஆன்டி ஜாலான் டெம்ப்ளரில் இறங்குவார்; ஆகவே அதற்கு முந்தின நிலையத்தில் ஒரு முடிச்சு. மற்றவர்கள் கே.எல். சென்ட்ரல் வரை; ஆகவே அங்காசாபுரியில் இன்னொரு முடிச்சு. "அப்பதான் கதவத் தட்டுறாங்க..." என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொள்வார். கதவைத் தட்டியது யார் என்பது மறுநாள்தான்.

கதவைத் தட்டியது என் அறைத்தோழி. சாவியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அதற்கு ஒரு பெட்டிப் பெண்கள் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறார்கள்.

கோலமும் கால்பந்தும்

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். தீபாவளிக்கு முன் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் பெரிய கோலம் போடுவார்கள். போட்டுக்கொண்டிருக்கும்போது சுற்றிலும் கூட்டம் நிற்கும். "அந்த மயிலுக்குப் பச்சைதான் வைப்பாங்க," "இல்ல லா, நீலம்" என்று முன்பின் தெரியாதவர்கள் பந்தயம் கட்டுவார்கள். கோலம் முடிந்துவிட்டால் வருகிறவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடைப் பக்கம் போய்விடுவார்கள். முடிந்த கோலம்தான் அழகு. ஆனால் முடியாத கோலத்தில் நமக்கும் ஒரு வாக்கு இருக்கிறது.

அப்பாவும் அப்படித்தான். நேரடி ஒளிபரப்பில் பந்து கம்பத்துக்குப் பக்கத்தில் போனால் நாற்காலியிலிருந்து எழுந்து அவரே உதைப்பார். முடிவு தெரிந்த ஆட்டத்தை மறுநாள் போட்டால், "நான் உதைச்சு என்னா ஆவப் போவுது" என்று எழுந்து போய்விடுவார்.

இந்தத் தொடரிலேயே பார்த்தேன். ஹைட்ராலிக்ஸில் தோற்று, பேருந்து நிறுத்தத்தில் மழையில் உட்கார்ந்திருந்ததோடு ஓர் அத்தியாயத்தை நிறுத்தினேன். செராஸிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் ஆறுதல் கடிதங்கள் வந்தன. ஒரு வாசகி குடை கொண்டுபோகச் சொல்லி எழுதியிருந்தார். சென்ற வாரம் பட்டமளிப்பு விழாவை என் உயிரைக் கொடுத்து எழுதினேன். "வாழ்த்துகள்" என்று ஒரே ஒரு கடிதம்.

முடிந்த கதைக்கு முன்னால் கைதட்டத்தான் முடியும். ஓடிக்கொண்டிருக்கும் கதையில் இறங்கி ஏதாவது செய்யலாம். துவா செய்யலாம், குடை அனுப்பலாம், திட்டலாம். ஆளுக்கு ஒரு வேலை இருக்கிறது.

பெண்கள் பெட்டியில் அந்த வேலையை லெட்சுமி ஆன்டி எவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்தே தெரிந்தது.

மீன் வாசம்

நான் மாணவியாக நடித்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் எனக்கு வல்லாரைப் பொடி கிடைத்தது, பேனா கிடைத்தது, "ராத்திரி போனப் பாக்காத, கண்ணு போயிரும்" என்ற அறிவுரை தினமும் கிடைத்தது. நாள்தோறும் பிரிக்பீல்ட்ஸ் வரை ஏன் வருகிறேன் என்பதற்கு அம்மா "பயிற்சி" என்று ஒரு காரணம் வைத்திருந்தார்.

ஒரு காலை லெட்சுமி ஆன்டியின் பையிலிருந்து பொரித்த மீன் வாசம் வந்தது.

"என்ன ஆன்டி, இன்னிக்கு மீனா?"

"அது எங்க இல்லத்துல ஒரு பாட்டிக்கு லா, கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் எங்க சாப்புடுறது?"

"ஏன், ஒத்துக்காதா?"

மும்தாஜ் அக்கா என்னைப் பார்த்து, "ஒனக்குத் தெரியாதா? ஒனக்காகத்தானே விட்டுருக்காங்க" என்றார்.

லெட்சுமி ஆன்டி வெட்கப்பட்டார். "அம்மன்கிட்ட வேண்டியிருக்கேன் பாப்பா. நீ ஐட்ராலிக் பாஸாவுற வரைக்கும் மீனு தொடறதில்லன்னு. மீனுன்னா நண்டு, எறா, நெத்திலி எல்லாம் சேத்து. அது என்னா லா பெரிய விஷயம், தெனமும் அங்க பொரிக்கிறேன்ல, வாசமே போதும்."

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவர் கழுத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

கே.எல். சென்ட்ரலில் இறங்கியதும் சொன்னேன்: "ம்மா, போதும். ஒண்ணு நீங்க சொல்லுங்க, இல்ல நான் சொல்றேன்."

"சொன்னா அவ என்கிட்டப் பேசமாட்டா புள்ள."

"சொல்லலன்னா அவங்க மீனு சாப்புடமாட்டாங்க."

சற்றுத் தூரம் நடந்த பிறகு, "திங்கக்கெழம சொல்றேன்" என்றார். "சும்மா சொல்லக்கூடாது. நல்லா சொல்லணும்."

அம்மாவின் திங்கட்கிழமை

திங்கட்கிழமை அம்மா தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். பாடாங் ஜாவாவில் லெட்சுமி ஆன்டி ஏறும் வரை வாயைத் திறக்கவில்லை. அவர் உட்கார்ந்ததும், என் கைப்பையைத் திறந்து அலுவலக அட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டினார்.

"ரிசல்ட் வந்துருச்சு."

பெட்டி நிமிர்ந்தது. அம்மா சொல்லத் தொடங்கினார். கைப்பேசியைத் திறக்கப் பயந்து நான் அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தது. அப்பா கீழே லோரியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, "என்னாச்சு, என்னாச்சு" என்று எங்கள் மாடியைப் பார்த்துக் கத்தியது. நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கையை மட்டும் உயர்த்தியது. அப்பா லோரி ஹாரனை அழுத்திய அழுத்தலில் அடுக்குமாடியின் எல்லா ஜன்னல்களும் திறந்தன. ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாம் அப்படியே நடந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

"லுலுஸ்!" என்று அம்மா காக் ரோஸிடம் திரும்பிச் சொன்னார். காக் ரோஸ் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மும்தாஜ் அக்கா அழுதார். லெட்சுமி ஆன்டி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார்.

"எப்ப லா வந்துச்சு, நேத்தா?"

அம்மா தன் தீபாவளிச் சேலையின் மடிப்பைச் சரிசெய்தார்.

"போன தீபாவளிக்கு முன்னாடி."

என் கன்னத்திலிருந்த லெட்சுமி ஆன்டியின் கை இறங்கியது.

"போன தீபாவளியா?" லெட்சுமி ஆன்டியின் குரல் மெதுவாக ஏறியது. "என் தம்பி மக நிச்சயத்துல நண்டு வச்சாங்க சரசு. நண்டு! எல்லாரும் ஒடச்சு ஒடச்சுத் தின்னாங்க. நான் ரசம் ஊத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"லெட்சுமி, நான் சொல்லணும்னுதான்... முடிஞ்சுருச்சுன்னா நீங்கள்லாம் அப்புறம் என்னைய..."

ஜாலான் டெம்ப்ளர் வந்தது. லெட்சுமி ஆன்டி பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். எப்போதும் கையசைப்பவர் அன்று திரும்பிப் பார்க்கவில்லை.

காலி இருக்கை

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நான் முறைப்படி எஞ்சினியர் ஆகிவிட்டேன். கழுத்தில் அட்டை தொங்கியது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. பெட்டி முழுக்க ஒரே பேச்சு, லெட்சுமி ஆன்டியைப் பற்றித்தான்.

"வேற பெட்டிக்கு மாறிட்டாங்களோ?"

"இல்ல லா, கோவத்துல லீவு போட்டுருப்பாங்க."

"அவங்க கோவம் மீனு மேலயா, சரசக்கா மேலயா?"

காக் ரோஸ் ஒவ்வொரு நாளும் என்னிடம் நிலவரம் கேட்டார். வழக்கமாகத் தூங்கும் ஒரு கல்லூரிப் பெண்கூடக் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டுக் கவனித்தாள். பாடாங் ஜாவா நெருங்கும்போது ஒட்டுமொத்தப் பெட்டியும் நடைமேடைப் பக்கம் சாய்ந்தது.

அம்மா மட்டும் ஊகம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் அங்கே உட்காரப் போனபோது, "ஆளு வருது" என்றார். ஆள் வரவில்லை. பாடாங் ஜாவா தாண்டியதும் பையை மடிக்கு எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை லெட்சுமி ஆன்டி ஏறினார்.

முகம் வெயிலில் கறுத்திருந்தது. அம்மா பையை எடுத்தார். ஆன்டி உட்கார்ந்தார். ஷா ஆலாம் வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மும்தாஜ் அக்கா மூச்சு விடுவதாகவே தெரியவில்லை.

"கோவமா லெட்சுமி?"

"கோவந்தான். கோவம் இல்லாம என்னா?" ஆன்டி முந்தானையைச் சரிசெய்தார். "ஆனா இத்தன நாளு எங்க போயிருந்தேன்னு நீ கேக்கவே மாட்டியா?"

"எங்க போயிருந்த?" அம்மா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"தம்பிய இழுத்துக்கிட்டு நேரா கடலோரம் போயிட்டேன். பந்திங்கத் தாண்டி, படகுலேர்ந்து எறக்குன கையோட பொரிச்சுக் குடுக்குற கடை இருக்குல்ல, அங்க. வாவல் மீனு. இந்த அகலம்." இரண்டு கையையும் விரித்ததில் காக் ரோஸின் முக்காடு நகர்ந்தது. "மொத நாளு மீனு. ரெண்டாவது நாளு நண்டு, மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒக்காந்தேன். பாப்பா, நீ பாஸானதுக்கு அம்மனுக்குச் சொன்ன நன்றியவிட அந்த நண்டுக்குச் சொன்னதுதான் அதிகம்."

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஆன்டி நிறுத்தவில்லை. கடைக்காரன் முறைத்தது, தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டது, பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். ரயில் நிலையம் நிலையமாகத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கத்து மேசையில ஒரு ஆளு, முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. இந்தக் குரல எங்கயோ கேட்டுருக்கமேன்னு நெனக்கிறேன். மெல்ல எந்திரிச்சுப் போயி, முகத்தப் பாக்குறேன் சரசு..."

ஜாலான் டெம்ப்ளர். கதவு திறந்தது.

லெட்சுமி ஆன்டி பையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"யாரு?" என்றார் அம்மா.

"என் ஸ்டேஷன் வந்துருச்சு லா."

"அடியே, யாருன்னு சொல்லிட்டுப் போ!"

ஆன்டி இறங்கிவிட்டார். அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு கதவு வரை ஓடினார். கதவு மூடிக்கொண்டது. நடைமேடையில் நின்ற லெட்சுமி ஆன்டி, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு வாய் நிறையச் சிரித்தார்.

"சியாபா? சியாபா?" என்று காக் ரோஸ் என் தோளை உலுக்கினார். யார், யார்?

"தாக் தாவு, காக்." தெரியவில்லை.

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு எரிச்சல், அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா புள்ள அவ அக்குறும்ப? இனி திங்கக்கெழம வரைக்கும் நான் என்னா பண்றது? இன்னிக்கு வெள்ளிக்கெழம லா!"